பேக்கப்புக்குப் பொட்டு வைத்தவர்கள்

எங்கள் ரத்ததானக் கழகத்தின் கம்ப்யூட்டர் ஆயுத பூஜையன்று, பூஜை மணையில் ஏறும்போதே உயிரை விட்டது. ஓர் இயந்திரத்துக்கு இதைவிட நல்ல சாவு கிடைக்காது என்று கழகத் தலைவர் பிற்பாடு சொன்னார். கிண்டலாக அல்ல, துக்கம் விசாரிக்கிற குரலில்.

நான் அன்று விடுப்பில் இருந்தேன். கிளம்புவதற்கு முன் செய்யக்கூடாதவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி மானிட்டர் மேல் ஒட்டியிருந்தேன். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை நகர்த்தக் கூடாது. அதன்மேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது. காற்று போகும் ஓட்டைகளில் ஊதுவத்தி செருகக் கூடாது. சிடிக்களை யாரும் தொடக் கூடாது. எண் போட்டு, பெரிய எழுத்தில், அடிக்கோடும் இட்டிருந்தேன். விஜயதசமி காலையில் வந்து பார்த்தபோது அந்தத் தாளின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். அதைப் படித்ததற்கான அடையாளம் வேறெதுவும் தென்படவில்லை.

கழகம் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். புதுச்சேரிக் கடைத்தெருவில் தலைவருடைய பாத்திரக்கடை. அதன் மாடியில் ஒரு அறை. அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பீரோ, சுவர் நிறையத் தலைவரின் படங்கள். கீழே குடங்களிலும் தாம்பாளங்களிலும் பெயர் வெட்டும் மெஷின் நாள் முழுக்க ட்ர்ர்ர் என்று கத்திக்கொண்டிருக்கும். ரத்தம் கொடுத்தவர்களுக்குக் கழகம் ஓர் எவர்சில்வர் டம்ளர் தரும். அதில் கொடுத்தவர் பெயர் சிறிதாகவும் தலைவர் பெயர் பெரிதாகவும் வெட்டியிருக்கும். பார்ப்பவர்களுக்கு ரத்தம் யாருடையது என்பதில் குழப்பம் வந்தால் கழகம் பொறுப்பல்ல.

நான் எம்.சி.ஏ. முடித்துவிட்டு சென்னைக் கம்பெனிகளின் இன்டர்வியூ அழைப்புக்குக் காத்திருந்த காலம் அது. செல்போன் வைத்திருந்தவர்கள் அதைச் சட்டைப்பையில் வெளியே தெரியும்படி வைத்திருந்த காலமும்கூட. வீட்டில் சும்மா இருப்பதற்குக் கழகத்தின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளலாமே என்று வந்து சேர்ந்தேன். ரத்தம் கொடுத்தவர்களின் பெயர், எண், வகை, முகவரி எல்லாம் அதில் இருந்தன. வேறு எங்கும் இல்லை. ‘காகிதமில்லா அலுவலகம்’ என்று தலைவர் எங்கோ படித்திருக்கிறார். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிய மறுநாளே, முகாம்களில் நன்கொடையாளர்கள் தங்கள் கையால் நிரப்பிய படிவங்களையெல்லாம் மூட்டை கட்டிப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிட்டார். நான் சேர்ந்தபோது அந்தப் படிவங்களில் ஊரார் பஜ்ஜி தின்று முடித்திருந்தார்கள்.

பூஜையன்று நடந்ததைப் பொருளாளர்தான் எனக்குச் சொன்னார். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். எங்கள் தெருவில் எல்லோரும் அவரை முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். அணைத்து வைத்த கம்ப்யூட்டருக்குப் பூஜை செய்தால் அதற்கு எப்படித் தெரியும் என்று தலைவர் கேட்டிருக்கிறார். ஆகவே அதை ஓடவிட்டு, திரையில் சரஸ்வதி படத்தை வரவழைத்து, ஒயர்களோடு அப்படியே தூக்கி மணையில் வைக்கப் போனார்கள். பாதியில் ஒயர் இழுத்துப் பிடித்துக்கொண்டது. பெட்டி கைநழுவி மணையில் தொப்பென்று உட்கார்ந்தது. சரஸ்வதி மறைந்து நீலத்திரை வந்தது. நீலம் எந்தத் தெய்வத்துக்கு உகந்தது என்று சிறிது நேரம் பேசிவிட்டு, தட்டை மூன்று சுற்று சுற்றிப் பூஜையை முடித்திருக்கிறார்கள்.

நான் மின்சாரம் கொடுத்தேன். உள்ளேயிருந்து டக், டக், டக் என்று சத்தம் வந்தது. ஹார்ட் டிஸ்க் என்பது வேகமாகச் சுழலும் தட்டு. அதன்மேல் தொடாமல் மிதந்தபடி ஒரு முனை எழுத்தைப் படிக்கும். ஓடும்போது பெட்டி விழுந்தால் அந்த முனை தட்டிலேயே மோதிவிடும். பிறகு அது படிப்பதில்லை, தட்டிக்கொண்டே இருக்கும். முசே காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “செ ஃபினி” என்றார். முடிந்துபோச்சு என்று அர்த்தம். அன்று அந்த அறையில் சொல்லப்பட்டவற்றிலேயே துல்லியமான தொழில்நுட்பக் கருத்து அதுதான்.

தலைவர் கலங்கவில்லை. “அதுக்கு இன்னாம்மா இப்ப? இன்னிக்கு விஜயதசமி. எதையும் புதுசா ஆரம்பிக்கற நாளு. நாமளும் புதுசாவே ஆரம்பிச்சிடலாம்” என்றார்.

புதிதாக ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான், வேறு ஓர் அலுவலகத்தில். அதைச் சொல்வதற்குள் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கனகசெட்டிக்குளத்திலிருந்து பஸ் ஏறி, மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, காலிக் கூடையோடு ஓர் அம்மா மேலே வந்தார். மூச்சு வாங்கியது. கூடையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, மடியில் முடிந்திருந்த துண்டுச்சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். ஆஸ்பத்திரி பிளட் பேங்க்கில் எழுதிக் கொடுத்தது. ஒரு பெயர், எங்கள் கழகத்து எண் ஒன்று. அவ்வளவுதான்.

விஷயம் இது. அவர் மகள் நிறைமாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதால் வெள்ளிக்கிழமை சிசேரியன் செய்யப்போகிறார்கள். ரத்தம் நிறையப் போகலாம், கையில் ஒரு பை ரத்தமாவது இல்லாமல் கத்தி வைக்க மாட்டோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளுடைய ரத்தமோ பம்பாய் குரூப் எனப்படும் வகை. சாதாரணச் சோதனையில் ஓ போலவே காட்டும். ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் அந்த உடம்பு தாங்காது. அதே வகையைச் சேர்ந்த இன்னொருவர்தான் கொடுக்க வேண்டும். கூடப் பிறந்த தம்பிக்குச் சோதித்துப் பார்த்தார்கள், சேரவில்லை. பிளட் பேங்க்கின் பழைய பதிவில் அந்த வகையில் ஓர் ஆள் மட்டும் இருந்தார், எங்கள் முகாமில் கொடுத்தவர்.

“பம்பாய்ல எம் மச்சான் ஒருத்தன் இருக்கான். போன் போடட்டுமா?” என்று தலைவர் கேட்டார்.

அந்த அம்மா அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். விலை அதிகம் சொல்லும் வியாபாரியைப் பார்க்கிற பார்வை அது.

பிளட் பேங்க்கில் அந்த ஆளின் முகவரி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. எங்கள் கழகத்தின் முகவரி. எல்லா முகாம்களிலும், எல்லா நன்கொடையாளர்களுக்கும், பிளட் பேங்க்குக்குப் போகும் சீட்டில் கழகத்தின் முகவரியையே எழுத வேண்டும் என்பது தலைவர் போட்ட விதி. நன்றிக் கடிதங்களெல்லாம் நேராக அவர் மேஜைக்கு வருவதற்கான ஏற்பாடு. அந்த ஆளின் ரத்தம் அபூர்வ வகை என்ற கடிதமும் அப்படித்தான் வந்திருக்கிறது. தலைவர் அதை ஆண்டுவிழா மேடையில் படித்துக் காட்டிக் கைதட்டு வாங்கினார் என்று முசே சொன்னார். சம்பந்தப்பட்ட ஆளுக்கு மட்டும் தெரிவிக்க மறந்துவிட்டார். அதில் கைதட்டு வராதல்லவா.

ஆக, அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று சொல்லக்கூடிய ஒரே பொருள், டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்த பெட்டி. பெயரை வைத்துத் தேடலாம் என்றால், அந்தப் பெயரில் புதுச்சேரியில் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள்.

நல்லவேளையாக பேக்கப் எடுக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. மாதம் ஒரு சிடி. பீரோவில் தேதி எழுதி அடுக்கியிருந்தேன். பீரோவைத் திறந்தேன், காலி. சிடிக்கள் சரஸ்வதி படத்துக்கு முன் தாம்பாளத்தில் விசிறி மாதிரி விரித்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் பளபளக்கும் பக்கத்திலும் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். எழுத்து இருக்கும் பக்கம் முதுகு, பளபளப்பது முகம். பொட்டை முகத்தில்தானே வைக்க முடியும் என்று தலைவர் விளக்கினார். அதில் ஒரு நியாயம் இருப்பதை மறுக்க முடியவில்லை. அவர் அறியாத இன்னொன்றும் உண்டு. தகவல் பதிந்திருக்கும் படலம் இருப்பது எழுத்துள்ள பக்கத்துக்கு அடியில்தான். பளபளக்கும் பக்கத்தில் இருப்பது கெட்டியான பிளாஸ்டிக். அதைக் கழுவலாம். அவர் பக்தி கொஞ்சம் தடம் மாறி முதுகில் பூசியிருந்தால் நாங்கள் மொத்தமாகத் தொலைந்திருப்போம்.

கழுவ எழுந்தேன். ராகுகாலம் முடியட்டும், பூஜையில் வைத்ததை நேரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் தலைவர்.

அந்த அம்மா குறுக்கே வந்தார். “எம்பொண்ணு வயித்துல இருக்கறது ராகுகாலம் பாத்துத்தான் வெளிய வருமா? நீ எடு பாப்பா. பாவம் வந்தா எந் தலைல வரட்டும்.”

எடுத்தேன்.

அன்றைய மதியம் முழுவதும் கழகத்தின் மாடி சமையலறையைப் போல இருந்தது. வாளியில் தண்ணீர், பஞ்சு, மெல்லிய வேட்டித்துணி. சந்தனம் காய்ந்து பொருக்காகியிருந்தது, தேய்த்தால் கீறும். முதலில் ஊறவைத்து, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். தட்டு கழுவுவதுபோல வட்டமாகத் துடைக்கக் கூடாது. முசேக்கு ஒருமுறை சொன்னால் போதும், ராணுவம். தலைவருக்கு இரண்டு முறை சொன்னேன். பிறகு அவர் கையிலிருந்து சிடியை வாங்கிக்கொண்டேன். குங்குமச் சாயம் சிலவற்றில் போகவே இல்லை. சந்தனக் கல்லின் மணல் இரண்டில் ஆழமாகக் கோடு போட்டிருந்தது. இதற்கிடையில் முசே தன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தார், அணைத்துவிட்டு.

கடைசி மாதத்து சிடி பாதி ஓடி நின்றுவிட்டது. அதற்கு முந்தையது திறக்கவே இல்லை. அதற்கும் முந்தைய மாதத்தது முக்கி முனகி முழுதாக வந்தது. டேட்டாபேஸ் திறந்தது. நான் சீட்டிலிருந்த எண்ணைத் தட்டினேன். பெயர் வந்தது, சீட்டில் இருந்த அதே பெயர். வகை, பம்பாய். அந்த அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். எழுதப் படிக்கத் தெரியாது என்று முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முகவரிக் கட்டத்தில் ஒரே சொல் இருந்தது: மேற்படி.

படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் எனக்கு முன் அங்கே வேலை பார்த்த ஒரு பெண். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் முதல் வகுப்பில் தேறியவளாம். காகிதத்தில் பட்டியல் எழுதுகிறவர்கள் ஒரே தெருவை முப்பது தடவை எழுத மாட்டார்கள். முதல் ஆளுக்கு முழு முகவரி, மற்றவர்களுக்கெல்லாம் மேற்படி. அவளும் அப்படியே தட்டிக்கொண்டு போயிருக்கிறாள். காகிதத்தில் அதில் ஒரு தப்பும் கிடையாது, ஏனென்றால் காகிதத்தில் மேலே இருப்பது மேலேயே இருக்கும். கம்ப்யூட்டரில் அப்படியல்ல. ஆண்டு மலரில் எல்லாப் பெயர்களும் அகரவரிசையில் வர வேண்டும் என்று தலைவர் ஆசைப்பட்டு, மொத்தப் பட்டியலையும் மாற்றி அடுக்கச் சொல்லி, அப்படியே சேமிக்கவும் வைத்திருக்கிறார். ஆட்கள் இடம் மாறிவிட்டார்கள். மேற்படி மட்டும் விசுவாசமாக அவரவர் கூடவே போயிருக்கிறது. அவள் கல்யாணமாகி பிரான்சுக்குப் போய்விட்டாள், கேட்க வழியில்லை. போன தீபாவளிக்கு அனுப்பிய வாழ்த்து அட்டைகள் ஏன் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ‘மேற்படி, புதுச்சேரி’ என்று ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். தலைவர் அதற்குத் தபால்காரரைத் திட்டியதாகக் கேள்வி.

இதை நான் விளக்கி முடிப்பதற்குள் தலைவர் திரையை எட்டிப் பார்த்தார். “மேல இருக்கறவரு அட்ரஸுதானே? அதோ, முத்தியால்பேட்டைன்னு போட்டிருக்குது பாரு” என்றார்.

அது அகரவரிசையில் மேலே இருப்பவருடையது, இவருடையது அல்ல என்றேன். மேலே என்றால் மேலேதானே என்றார். நம்பிக்கை என்பது தொற்றக்கூடியது. முசேயும் அந்த அம்மாவும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். சாயங்காலம் திரும்பி வந்தார்கள். அந்த வீட்டில் இருந்தவர் ஐஸ் பேக்டரி வைத்திருப்பவர். ரத்தம் என்றதும் சோபாவில் சாய்ந்துவிட்டாராம். பட்டியலில் இருந்தவர் அவருடைய அண்ணன். அவரோ ஏ பாசிட்டிவ்.

அந்த அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. “பொட்டிக்குள்ள இருக்கறான்றீங்க, எங்க இருக்கறான்னு சொல்ல மாட்றீங்க. மீனு கடலுக்குள்ள இருக்குதுன்னு சொன்னா வீட்ல கொழம்பு வச்சிருவாங்களா?” என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தேவைப்பட்டது தகவல் அல்ல, வரிசை. அந்தப் பெண் தட்டிய அதே வரிசை. நான் எடுத்த பேக்கப்புகள் எல்லாமே அகரவரிசை வந்த பிறகு எடுத்தவை; பத்து சிடியைக் கழுவினாலும் அதே மேற்படிதான் வரும். அடுக்குவதற்கு முந்தைய நகல் எங்காவது இருக்கிறதா என்று தலைவரிடம் கேட்டேன். அவர் யோசித்தார். முகம் மலர்ந்தது. வெளியீட்டு விழா ஒன்று நடந்திருக்கிறது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்ததும், அதை சிடியில் போட்டு, ஜிகினாத் தாள் சுற்றி, மேடையில் குத்துவிளக்கேற்றி வெளியிட்டிருக்கிறார். முக்கியப் பிரமுகர்கள் வரிசையாக வந்து பிரதி பெற்றுக்கொண்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களின் பெயரும் முகவரியும் இப்படி மாலை மரியாதையோடு ஊருக்கு விநியோகமானதை நினைத்து அப்போது வருத்தப்பட எனக்கு நேரமில்லை. கழகத்தின் பிரதி எங்கே என்று கேட்டேன்.

தலைவர் தலையை உயர்த்தி வாசலைப் பார்த்தார்.

வாசல் நிலையில் மாவிலைகளுக்கு நடுவே சில சிடிக்கள் தோரணமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. காலையில் பார்த்தபோது பழைய பாட்டு சிடிக்கள் என்றே நினைத்தேன். ஆட்டோக்காரர்கள் பின்னால் தொங்கவிடுவார்களே, அதுபோல. நட்டநடுவில் இருந்ததுதான் வெளியிடப்பட்ட சிடி. விசேஷமானது என்பதால் அதற்கு மட்டும் தனி அலங்காரம்: எழுத்துப் பக்கத்தில் கோந்து தடவி ஒட்டிய பெரிய ஜிகினா நட்சத்திரம்.

முசே நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினார். தலைவர் நட்சத்திரத்தைப் பிய்த்துவிடலாம் என்று நகத்தை வைத்தார். வாழ்க்கையில் நான் ஒரு பெரிய மனிதரின் கையைப் பிடித்துத் தள்ளியது அந்த ஒரு முறைதான். அந்தப் பக்கத்தில் தாளைப் பிய்த்தால் அடியிலிருக்கும் படலமும் கூடவே உரிந்து வந்துவிடும். பிறகு கண்ணாடிபோல அந்தப் பக்கம் பார்க்கலாம், வேறு பயன் இருக்காது. நட்சத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனைகளை மட்டும் கத்தரித்தேன். ஒருபக்கம் கனமான சிடி வேகமாகச் சுழன்றால் ஆடும், ஆடினால் படிக்காது. டிரைவின் வேகத்தை இருப்பதிலேயே குறைவாக வைத்து உள்ளே தள்ளினேன். பெட்டி முழுவதும் நடுங்கியது. ஒவ்வொரு முறை அது தடுமாறி நின்று மறுபடி ஓடியபோதும் அந்த அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார். மீன் வாடை இரண்டு நாள் துப்பட்டாவை விட்டுப் போகவில்லை.

பட்டியல் வந்தது, கடைசிப் பகுதி தவிர. எங்கள் எண் நடுவில் இருந்தது. அதற்கு மேலே மேற்படி. அதற்கும் மேலே மேற்படி. நான் மேலே ஏறிக்கொண்டே போனேன். ஒரு பெண்ணுடைய பெயருக்கு நேராக முழு முகவரி இருந்தது. பாகூர் பக்கம் ஒரு கிராமம். தெருவின் பெயரும் சரியாக இருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நானும் அந்த அம்மாவும் போனோம். அன்று அவர் மீன் எடுக்கவில்லை. வழியெல்லாம் கரும்பு. அந்தத் தெருவில் அந்தப் பெயரில் இருவர் இருந்தார்கள். ஒருவர் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தார். கொஞ்சம் நிலமும் பார்க்கிறவர். அவர் மனைவி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். ரத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்கு ஏதோ வியாதி இருப்பதாகச் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்கிறார். அந்த ஊரில் எங்கள் கழகம் நடத்திய முகாமில் எல்லோருக்கும் ஒரு முறை ஊசி குத்தினார்கள்; இவருக்கு மட்டும் மறுபடியும் குத்தினார்கள்; இன்னொரு ஆளைக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொண்டார்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு தகவலும் வரவில்லை. ஊர் தானாகவே முடிவு கட்டிக்கொண்டது.

“இவரு ரத்தத்துல ஏதோ கோளாறுன்னு பேசிக்கறாங்க. எங் கொழுந்தனாருக்குப் பொண்ணு பாக்கப் போனா, அங்கயும் அதையே கேக்கறாங்க. ஒரு தடவ குடுத்ததுக்கே இந்தக் கதி. மறுபடியும் அனுப்பச் சொல்றீங்களா?” என்றார் அந்த மனைவி.

என்னிடம் நல்ல விளக்கம் ஒன்று தயாராக இருந்தது: வகைகள், மரபு, அபூர்வம் என்று வரிசைப்படுத்தி. இரண்டாவது அம்சத்தை ஆரம்பிக்கும்போதே அந்த அம்மா என்னை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

“தங்கச்சி, எம்பொண்ணுக்கும் இதே ரத்தம்தான். உங்க வூட்டுக்காரருக்குக் கோளாறுன்னா அவளுக்கும் கோளாறுதான். வயித்த தள்ளிக்கினு ஆஸ்பத்திரில படுத்துனு இருக்கா, வந்து பாரு. பாத்துட்டு, கோளாறுதான்னு உனக்குத் தோணிச்சின்னா குடுக்க வேணாம். நான் பஸ் ஏத்தி அனுப்பி வச்சிடறேன்.”

தூங்கிக்கொண்டிருந்தவர் எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. லுங்கியைக் கட்டியபடி மனைவிக்குப் பின்னால் நின்றிருந்தார். “இது நெறைய பேருக்கு இல்லியா?” என்று என்னைக் கேட்டார். எங்கள் பட்டியல் முழுவதிலும் நீங்கள் ஒருவர்தான் என்றேன். அவர் சிறிது நேரம் தன் முழங்கையின் உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியிடம், “சட்டைய எடு” என்றார். அந்தப் பெண் சட்டையை எடுத்து வந்து கொடுத்தார். தானும் வேறு புடவை கட்டிக்கொண்டு, கதவைப் பூட்டி எங்களோடு கிளம்பினார். எங்களை நம்பிக் கணவனைத் தனியே அனுப்புவதில்லை என்று தீர்மானித்திருந்தார் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் மனைவி முதலில் வார்டுக்குப் போய் அந்த அம்மாவின் மகளைப் பார்த்தார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்து கணவனிடம், “சின்னப் பொண்ணுங்க. குடுங்க” என்று மட்டும் சொன்னார்.

அவரைப் படுக்க வைத்து ஊசியைக் குத்தும் நேரத்தில் தலைவர் வந்து சேர்ந்தார், ஒரு போட்டோகிராபரோடும் சால்வையோடும் கழகத்துப் பேனரோடும். நன்கொடையாளர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தால் பேனர் தெரியும் என்றார். படுத்திருந்தவர் எழுந்திருக்கப் பார்த்தார். அந்த அம்மா அவர் நெஞ்சில் கையை வைத்துப் படுக்க வைத்தார். “பை நெறையட்டும். அதுக்கப்பறம் நீங்க எங்கூடக்கூட நின்னு போட்டோ புடிச்சிக்கலாம்” என்று தலைவரிடம் சொன்னார். போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டார். பை நிறையும்வரை தலைவர் சால்வையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் அத்தனை நேரம் சும்மா நின்று அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை நான் போயிருக்க வேண்டியதில்லை. என் வேலை தகவலை மீட்பது, மீட்டாயிற்று. புது ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போட்டு, மேற்படிகளை ஒவ்வொன்றாகப் பழைய வரிசையோடு ஒப்பிட்டு முகவரியாக மாற்றும் வேலை வேறு காத்திருந்தது. இருந்தும் போனேன். அறுவை அறைக்கு வெளியே நீள பெஞ்சில் அந்த அம்மாவும், மருமகனும், பாகூர்ப் பக்கத்திலிருந்து மறுபடியும் பஸ் ஏறி வந்திருந்த கணவனும் மனைவியும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் வரச் சொல்லவில்லை. மனைவி பிளாஸ்கில் காபி கொண்டுவந்திருந்தார். ஒருவரும் குடிக்கவில்லை.

கதவு திறந்து ஒரு நர்ஸ் வேகமாக பிளட் பேங்க் பக்கம் போனார். பையோடு திரும்பி எங்களைத் தாண்டி உள்ளே போனார். அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் எங்கள் கழகத்து எண் இருந்தது. அதைக் கொடுத்தவர் பை போவதைக் கண்ணால் தொடர்ந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நெடுநேரம் கழித்து அதே நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்தார். நர்ஸ்களின் வழக்கம்போலச் சிரித்தபடி, “இன்னா கொழந்தன்னு சொல்லுங்க பாக்கலாம்” என்றார்.

அந்த அம்மா குழந்தையைப் பார்க்கவில்லை. “அது எதுவா வேணா இருக்கட்டும். எம்பொண்ணு எப்படி இருக்கா?” என்றார்.

நல்லா இருக்காங்க, ரத்தம் ஏறிட்டிருக்குது, கண்ணைத் திறந்துட்டாங்க என்றார் நர்ஸ். அந்த அம்மா இரண்டு கைகளையும் முந்தானையில் துடைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் குழந்தைக்காகக் கையை நீட்டினார்.